ஈசிஜி கோடு சரியாக வரவில்லையா? ஒயரில் தொடங்கி டாக்டர் வரை, எதை எந்த வரிசையில் பார்ப்பது

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி உள்ள சின்ன கிளினிக்குகளில் ஈசிஜி எடுக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பேப்பரைப் படம் பிடித்து அனுப்பி, "அண்ணே, இது மிஷின் கோளாறா, ஆளுக்குக் கோளாறா?" என்று கேட்பார்கள். கேள்வி எப்போதும் இதுதான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பேப்பரில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவே இல்லாத காரணத்தில் தொடங்கி வரிசையாகக் கீழே வாருங்கள்.

## எந்தத் தலைப்புக்குப் போகும் முன்னாலும்

முதலில் ஆளைப் பாருங்கள். பேர் கேளுங்கள், பதில் வருகிறதா, மூச்சு விடுகிறாரா, மணிக்கட்டில் நாடி தட்டுகிறதா. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விக்கி விக்கி இழுக்கிறது என்றால் ஒயரைத் தொடவே வேண்டாம். டாக்டரைக் கத்திக் கூப்பிட்டு, ஒருவரை 108-க்கு போன் போடச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. இறங்கும்படி அழுத்த ஆரம்பியுங்கள். பக்கத்தில் ஷாக் மிஷின் இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஆள் நன்றாகப் பேசுகிறார் என்றால் பேப்பரின் ஓரத்தைப் பாருங்கள். வேகம் 25 மி.மீ., உயரம் 10 மி.மீ. என்று அச்சாகியிருக்க வேண்டும். ஓரத்தில் வரும் சதுர மேடு சரியாக இரண்டு பெரிய கட்டம் உயரம் இருக்க வேண்டும். யாரோ வேகத்தை 50-க்கு மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் எல்லா அலையும் இரண்டு மடங்கு அகலமாகி, கட்டத்தை எண்ணினால் துடிப்பு பாதியாகத் தெரியும். வேகம் 25-இல் இருந்தால் ஒரு சின்ன கட்டம் 0.04 வினாடி, ஒரு பெரிய கட்டம் 0.20 வினாடி.

அப்புறம் நிறம். கை கால் கிளிப்புகளில் சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். சில மிஷினில் அமெரிக்க நிற முறை இருக்கும், அதில் வெள்ளைதான் வலது கை, சிவப்பு இடது காலுக்குப் போய்விடும். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் கிளிப்பில் எழுதியிருக்கும் எழுத்தையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

## கோடு மெல்லியதாக இல்லாமல் பட்டையாகத் தடித்து வருகிறது

இது கரண்ட் தொந்தரவு. உறுதி செய்ய, ஒரு பெரிய கட்டத்துக்குள் எத்தனை குட்டி அலை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் பத்து இருந்தால் நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான் உள்ளே வருகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிஷினை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கோடு மெலிந்துவிட்டால் கோளாறு பிளக், சுவிட்ச் போர்டு, எர்த் பக்கம். பேட்டரியிலும் அப்படியே இருந்தால் கட்டிலைச் சுற்றியோ கிளிப்பிலோ தேடுங்கள்.

கட்டிலைச் சுற்றி என்றால், தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போன்தான் முதல் ஆள். அதை எடுத்து வெளியே வையுங்கள். இரும்புக் கட்டில் சுவரையோ ஏசி ஒயரையோ தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். பேஷன்ட் கை கட்டிலின் இரும்புக் கம்பியில் படாமல் இருக்கட்டும். ஈசிஜி ஒயரும் கரண்ட் ஒயரும் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக் கிடந்தால் பிரித்து விடுங்கள். அப்புறம் கறுப்பு கிளிப். அது வலது காலில் காய்ந்த ஜெல்லோடு சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் எல்லா லீடும், அதாவது பேப்பரில் தனித்தனியாக வரும் ஒவ்வொரு கோடும், ஒரேயடியாகத் தடிக்கும். தோலைத் துடைத்துப் புது ஜெல் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மெனுவில் ஃபில்டர் 60 என்று இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மிஷின்களில் அப்படி இருக்கும், நம் ஊருக்கு 50 வேண்டும்.

பிளக் பக்கம் என்றால், மேல் முள் உடைந்த பிளக்கையும், இரண்டு முள் அடாப்டரையும் தூக்கிப் போடுங்கள். எர்த் இல்லாமல் ஈசிஜி ஓட்டுவது கோட்டுக்கு மட்டுமல்ல, படுத்திருப்பவருக்கும் ஆபத்து. பிளக் சரியாக இருந்தும் சித்திரை, வைகாசி மாதங்களில் மட்டும் இந்தத் தொல்லை வருகிறது என்றால் கட்டடத்தின் எர்த் குழி காய்ந்துபோயிருக்கும். நம் பக்கத்து வெயிலில் இது சகஜம். குழியில் தண்ணீர் ஊற்றி மறுநாள் பாருங்கள், சரியாகிறது என்றால் எலக்ட்ரீஷியனை வரவழைத்துக் குழியை முறையாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். சுவிட்ச் போர்டை நீங்களே கழற்ற வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது, இன்னும் தடிக்கிறது என்றால் பேஷன்ட் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும், அது கொஞ்சம் செலவு. புதுக் கேபிளிலும் அதே கதை என்றால் மிஷின் கம்பெனி இன்ஜினியர் வேலை.

## ஒன்றிரண்டு லீடு மட்டும் கெட்டு, மற்றது சுத்தமாக இருக்கிறது

எல்லாக் கிளிப்பையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. லீடு 1 என்பது இரண்டு கைக்கும் நடுவில் எடுப்பது, லீடு 2 வலது கைக்கும் இடது காலுக்கும், லீடு 3 இடது கைக்கும் இடது காலுக்கும். கெட்டுப்போன இரண்டு லீடுக்கும் பொதுவான கிளிப் எதுவோ அதுதான் திருடன். 1, 2 கெட்டு 3 சுத்தமாக இருந்தால் சிவப்பு. 1, 3 கெட்டிருந்தால் மஞ்சள். 2, 3 கெட்டிருந்தால் பச்சை. இந்த ஒன்றை மனப்பாடம் செய்துவிட்டால் வேலை நேரத்தில் நிறைய மிச்சமாகும்.

அந்தக் கிளிப்பை மட்டும் கழற்றி, உள்ளே இருக்கும் உலோகத் தகட்டைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். துடைத்தும் போகவில்லை என்றால் கிளிப் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒயர் கிளிப்பில் சேரும் இடத்தை விரலால் மெல்ல அசையுங்கள், கோடு அப்போது துள்ளினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பிளாஸ்திரி சுற்றி ஓட்டுவது இரண்டு நாளைக்குக்கூடத் தாங்காது, புதுக் கேபிள் வாங்கச் சொல்லுங்கள்.

## கோடு மேலும் கீழும் ஏறி இறங்குகிறது

மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கினால் ஒயர் வயிற்றின் மேல் கிடக்கிறது. எடுத்து ஓரமாக விடுங்கள். திடீர் திடீரென்று கோடு தாண்டிப் போனால் கிளிப் தளர்வு.

நம் ஊரில் முக்கியக் காரணம் தோல்தான். தேங்காய் எண்ணெய், மஞ்சள், பவுடர், வேர்வை எல்லாம் சேர்ந்த தோலில் ஜெல் பிடிக்காது. வெயிலில் பஸ்ஸில் வந்தவரை உடனே படுக்க வைக்காமல் ஐந்து நிமிடம் ஃபேனடியில் உட்கார வைத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு ஜெல் வையுங்கள். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு மட்டும் இந்த ஐந்து நிமிடம் கிடையாது. வேர்வையைத் துடைத்துக்கொண்டே எடுங்கள், அந்த வேர்வையே ஒரு அறிகுறியாக இருக்கலாம்.

கோட்டைச் சமமாக்கும் ஃபில்டர் மிஷினில் இருக்கும், அதைப் போட்டால் பேப்பர் அழகாக வரும். ஆனால் 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் அந்த ஃபில்டர் எஸ்டி பகுதியையும் (கூரான அலை முடிந்து அடுத்த மேடு தொடங்கும் வரை உள்ள துண்டு) வளைத்துவிடலாம். மாரடைப்பா என்று பார்க்கும் இடமே எஸ்டி பகுதிதான். நெஞ்சுவலி ஆளுக்கு 0.05-இல் எடுங்கள். அசிங்கமாக இருந்தாலும் உண்மையான கோடு வேண்டும்.

## ஒழுங்கே இல்லாமல் பொடிப்பொடியாக நடுங்குகிறது

கரண்ட் தொந்தரவு ஒரே சீராக இருக்கும், இது சீராக இருக்காது. தசை நடுக்கம். ஏசி குளிர், பயம், தொங்கும் கை, இறுக்கி மூடிய விரல். ஏசியை நிறுத்துங்கள், போர்வை போடுங்கள், "ஒண்ணும் ஷாக் அடிக்காது ஆத்தா, கையைத் தளர்த்தி வைங்க" என்று சொல்லுங்கள். முதல் தடவை ஈசிஜி எடுக்க வரும் வயசான அம்மாக்கள் நிறையப் பேர் கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அதைச் சொன்னவுடன் உடம்பு தளர்வது கண்ணுக்கே தெரியும்.

பார்க்கின்சன் நடுக்கம் இருப்பவர்களிடம் கவனம் வேண்டும். அந்த நடுக்கம் வினாடிக்கு 4 முதல் 6 தடவை. மேலறை படபடக்கும் ஏட்ரியல் ஃபிளட்டரில் அலை நிமிடத்துக்கு சுமார் 300, அதாவது வினாடிக்கு 5. பேப்பரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். வலது கைதான் நடுங்குகிறது என்றால் லீடு 1, 2-இல் அலை இருக்கும், லீடு 3 சுத்தமாக இருக்கும். உண்மையான ஃபிளட்டர் அப்படி ஒரு லீடை மட்டும் விட்டுவைக்காது, அதிலும் லீடு 2, 3-இல்தான் அது நன்றாகத் தெரியும். கையை உடம்போடு அணைத்து வைத்து, கிளிப்பை முழங்கைக்கு மேலே நகர்த்தி இன்னொன்று எடுங்கள். நகர்த்தியதைப் பேப்பரில் எழுதுங்கள். இரண்டு பேப்பரையும் டாக்டரிடம் கொடுங்கள், முதலாவதைக் கிழித்துப் போடாதீர்கள்.

## நேர்க்கோடு வருகிறது

ஆள் பேசுகிறார், நாடி இருக்கிறது என்றால் ஒயர். எல்லா லீடும் நேர்க்கோடு என்றால் கேபிள் மிஷினில் சேரும் இடத்தை அழுத்திச் செருகுங்கள். லீடு 2 மட்டும் ஏறக்குறைய நேர்க்கோடு என்றால் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கிறது. லீடு 3 மட்டும் என்றால் மஞ்சளும் கறுப்பும்.

ஆள் பேசவில்லை என்றால் மேலே முதல் தலைப்புக்குப் போங்கள். இந்தப் பத்தியை நின்று படிக்க வேண்டாம்.

## லீடு 1 தலைகீழாக வருகிறது

நூற்றுக்குத் தொண்ணூறு, இரண்டு கை கிளிப்பும் மாறியிருக்கும். ஏவிஆர் லீடில் (வலது கைப் பக்கமிருந்து பார்க்கும் லீடு) எல்லாம் கீழ் நோக்கி இருக்க வேண்டும், அது மேல் நோக்கி நிமிர்ந்திருந்தால் சந்தேகம் உறுதி. கூடவே வி6 லீடைப் பாருங்கள், வி1 முதல் வி6 வரை உள்ள நெஞ்சு லீடுகளில் இடது ஓரத்தில் கடைசியாக வருவது அது. லீடு 1-உம் வி6-உம் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். வி6 நன்றாக நிமிர்ந்து, லீடு 1 மட்டும் கவிழ்ந்திருந்தால் கிளிப்பை மாற்றி மறுபடி எடுங்கள்.

கிளிப் சரியாகத்தான் இருக்கிறது, லீடு 1 கவிழ்ந்திருக்கிறது, நெஞ்சு லீடுகளிலும் வி1-இலிருந்து வி6 போகப் போக அலை வளராமல் தேய்ந்துகொண்டே போகிறது என்றால் இதயமே வலப்பக்கம் இருக்கலாம். அரிது, ஆனால் உண்டு. டாக்டரிடம் சொல்லி, அவர் சொன்னால் நெஞ்சில் ஒட்டும் உறிஞ்சு பல்புகளை வலப்பக்கமாக வைத்து இன்னொன்று எடுங்கள்.

## நெஞ்சு லீடுகளில் அலை ஏறுமாறாக இருக்கிறது

வி1-இலிருந்து வி5 வரை நிமிர்ந்த அலை படிப்படியாக வளர வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் குட்டையாகி அடுத்தது மறுபடி உயர்ந்தால் இரண்டு பல்பு இடம் மாறியிருக்கிறது. ஆறும் ஒரே அச்சாக இருந்தால் ஜெல்லை ஒரே இழுப்பாக நெஞ்சு முழுக்கப் பூசியிருக்கிறீர்கள். ஆறு பல்பும் ஒன்றாகிவிட்டது. துடைத்து, தனித்தனிப் பொட்டாக வையுங்கள்.

நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தவறு வி1, வி2-வை மிக மேலே வைப்பது. அப்படி வைத்தால் பழைய மாரடைப்பு மாதிரி ஒரு பொய்த் தோற்றம் வந்து, ஒன்றுமில்லாதவரை எக்கோ, ஆஞ்சியோ என்று அலைய விடும். கழுத்துக் குழியிலிருந்து நடு மார்பெலும்பின் மேல் விரலை இழுத்து வந்தால் ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டுக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா, அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து எண்ணி நான்காவது இடைவெளிக்கு வாருங்கள்: எலும்புக்கு வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. வி4 ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. வி3 இரண்டுக்கும் நடுவில். வி5, வி6 இரண்டும் வி4-இன் அதே மட்டத்தில், ஒன்று அக்குளின் முன் மடிப்புக்கு நேராக, இன்னொன்று நடு அக்குளுக்கு நேராக. வி4-ஐ முதலில் வைத்துவிட்டு வி3 வைப்பதுதான் சரியான வரிசை.

பெண்களுக்கு எடுக்கும்போது சிஸ்டர் ஒருவர் கூட இருக்கட்டும், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிக் கேட்டுவிட்டுத் தொடுங்கள், மேலே ஒரு துணி போர்த்துங்கள். கூச்சத்தில் அவசர அவசரமாக ஜாக்கெட்டுக்கு மேலே கிடைத்த இடத்தில் பல்பை ஒட்டுவதால்தான் பாதிப் பெண்களின் ஈசிஜி தப்பாக வருகிறது. அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

## துடிப்பு ஒழுங்கு தப்பி வருகிறது

இங்கிருந்து ஒயர் வேலை முடிந்தது, ஆளின் இதயத்தைப் பார்க்கிறோம். லீடு 2-ஐ மட்டும் நீளமாக எடுங்கள். ஒவ்வொரு கூரான கியூஆர்எஸ் அலைக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு, அதுதான் பி அலை, இருக்கிறதா? பி-யின் தொடக்கத்திலிருந்து கியூஆர்எஸ் தொடக்கம் வரை 3 முதல் 5 சின்ன கட்டத்துக்குள் இருக்கிறதா?

பி எல்லாம் ஒழுங்காக இருந்து, மூச்சை இழுக்கும்போது வேகமும் விடும்போது மெதுவுமாக இருந்தால், அதுவும் சின்ன வயசுக்காரர் என்றால், அது இயல்புதான். நடுநடுவே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, பின்னால் ஒரு இடைவெளி விட்டால் கூடுதல் துடிப்பு. டாக்டரிடம் காட்டுங்கள், மூச்சடைப்பு, மயக்கம் இல்லாவிட்டால் அவசரம் இல்லை.

பி அலையே இல்லை, இரண்டு துடிப்புக்கு நடுவிலுள்ள தூரம் ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்றால் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதில் கட்டத்தை எண்ணி வேகம் கணக்குப் போட முடியாது, 10 வினாடி ஸ்ட்ரிப்பில் உள்ள துடிப்புகளை எண்ணி ஆறால் பெருக்குங்கள். அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேலறையில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் பக்கவாதம் வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் காத்திருக்க வைக்காமல் உடனே 108.

## துடிப்பு 60-க்குக் கீழே

துடிப்பு ஒழுங்காக இருந்தால் இரண்டு கூரான அலைக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதால் வகுத்தால் வேகம் கிடைக்கும். ஐந்து கட்டம் என்றால் 60, ஆறு என்றால் 50.

முதலில் மாத்திரையைக் கேளுங்கள். அட்டெனோலால், மெட்டோபுரோலால் சாப்பிடுபவருக்கு 55 என்பது பெரும்பாலும் மாத்திரையின் வேலை. காடுகரையில் உழைத்து இறுகிய உடம்புக்காரருக்கும் 50 சொச்சம் இருக்கலாம். ஒவ்வொரு பி-க்கும் ஒரு கியூஆர்எஸ் இருந்து, ஆளும் தெளிவாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

பி தன் போக்கில் ஒரு வேகத்தில், கியூஆர்எஸ் தன் போக்கில் இன்னொரு வேகத்தில், இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றால் மேலறையின் மின் தட்டல் கீழறைக்கு வராமல் முழுதாக அடைபட்டிருக்கிறது. இதயத்தின் மேலே உள்ள முடிச்சு நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை தட்டும். அந்தத் தட்டல் கீழே வராவிட்டால் நடு முடிச்சின் பகுதி 40 முதல் 60-இல் தானாகத் தட்டும், அதுவும் இல்லையென்றால் கீழறையே 20 முதல் 40-இல் ஓட்டும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். 40-க்குக் கீழே, அல்லது மயக்கம், தலைசுற்றல், மூச்சிரைப்பு இருந்தால் டாக்டரை அந்த நிமிடமே கூப்பிடுங்கள். நடக்கவிட்டுப் பார்க்காதீர்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு காரணம் உண்டு, கேட்காமல் விடக்கூடாது: மஞ்சள் அரளி விதை. அதில் உள்ள விஷம் இதயத்தின் மின்னோட்டத்தையே தடுக்கும். வாந்தியோடு, மெதுவான துடிப்போடு யாரையாவது கூட்டி வந்தால் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்து மெதுவாகக் கேளுங்கள். அரளி என்று தெரிந்தால், இப்போது எடுத்த ஈசிஜி சுத்தமாக இருந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது. மணிக்கணக்கில் கழித்தும் தாளம் மாறும். பெரியாஸ்பத்திரி மாதிரி தொடர்ந்து மானிட்டரில் வைத்துப் பார்க்கக்கூடிய இடத்துக்கு 108-இல் அனுப்ப வேண்டும். விதை சாப்பிட்டவரைத் திட்டவோ விசாரணை செய்யவோ வேண்டாம், தனியாக விடவும் வேண்டாம்.

## துடிப்பு 100-க்கு மேலே

மிஷின் காட்டும் எண்ணை நம்பும் முன் நாடியை எண்ணுங்கள். டி அலை (கியூஆர்எஸ்ஸுக்குப் பின்னால் வரும் மேடு) உயரமாக இருந்தால் மிஷின் அதையும் ஒரு துடிப்பாகச் சேர்த்து 75-ஐ 150 என்று போட்டுவிடும்.

நாடியும் வேகம்தான் என்றால் காய்ச்சல், ரத்தசோகை, பயம், நீர் வற்றியது, மாடிப்படி ஏறி வந்தது, இவைதான் பெரும்பாலும். பி தெளிவாக இருக்கும், கொஞ்சம் படுத்தால் மெல்லக் குறையும். படுத்தும் 150-ஐ விட்டு அசையாமல் நிற்கிறது என்றால் ஃபிளட்டராக இருக்கலாம். 180 பக்கம், அலை குறுகலாக, பி தெரியாமல், "திடீர்னு படபடன்னு ஆரம்பிச்சது" என்றால் அதுவும் உடனே டாக்டருக்குத்தான்.

கியூஆர்எஸ் மூன்று சின்ன கட்டத்துக்கு மேல் அகலமாகி, வேகமாகவும் ஓடினால் கீழறையிலிருந்து வரும் ஆபத்தான தாளம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் உட்கார்ந்து பேசுகிறார் என்பதால் அது ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. கையை ஆட்டினாலோ சொறிந்தாலோ இதே மாதிரி பொய்யாக வரும்தான், ஆனால் உற்றுப் பார்த்தால் அந்தக் குழப்பத்துக்குள் அவருடைய வழக்கமான கூரான அலைகள் அதே இடைவெளியில் தெரியும். தெரிந்தால் ஆட்டம், தெரியாவிட்டால் நிஜம். முடிவு செய்ய முடியவில்லை என்றால் நிஜம்.

## எஸ்டி தூக்கியிருக்கிறது, அல்லது நெஞ்சுவலி இருந்தும் கோடு நார்மல்

நெஞ்சுவலி என்று வாசலில் சொன்னவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் கையில் கொடுத்திருக்க வேண்டும். டோக்கன், பில் எல்லாம் அப்புறம். எஸ்டி பக்கத்துப் பக்கத்து லீடுகளில் தூக்கியிருந்தால் அர்த்தம் சொல்வது உங்கள் வேலை இல்லை, பேப்பரோடு ஓடுவது உங்கள் வேலை.

நார்மல் என்று வந்தும் வலி நிற்கவில்லை என்றால், கிளிப்பைக் கழற்றாமல் வைத்து 15 முதல் 30 நிமிடத்தில் மறுபடி எடுங்கள். முதல் பேப்பரில் தெரியாத மாரடைப்பு இரண்டாவதில் தெரியலாம். மிஷின் தானாக அச்சடிக்கும் "நார்மல்" என்ற வார்த்தையைக் காட்டி யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வேர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் இருக்கலாம். "வாயுதான் தம்பி, சோடா குடிச்சா சரியாயிரும்" என்று அவர்களே சொன்னாலும் எடுத்துவிடுங்கள்.

டயாலிசிஸ் தவறவிட்ட சிறுநீரக நோயாளிக்கு டி அலை கூம்பாக ஊசி முனையோடு நிமிர்ந்து, கியூஆர்எஸ்ஸும் அகலமாகிக்கொண்டு வந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கலாம். இதுவும் ஓட வேண்டிய பேப்பர்தான்.

## அச்சு மங்கலாக இருக்கிறது, அல்லது பேப்பர் வெறுமையாக வருகிறது

வெறுமை என்றால் ரோலைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். நகத்தால் கீறினால் எந்தப் பக்கம் கறுக்கிறதோ அதுதான் அச்சு ஏறும் பக்கம். மங்கல் என்றால் மிஷினை அணைத்து, ஆறவிட்டு, அச்சு முனையை ஸ்பிரிட் பஞ்சால் ஒரே திசையில் துடையுங்கள். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் துடைத்தும் போகாமல் எல்லாப் பேப்பரிலும் அதே இடத்தில் வந்தால் அச்சு முனை போய்விட்டது, அது இன்ஜினியர் செலவு. ரோல்களை வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் அடுக்காதீர்கள். எடுத்த ஈசிஜியும் வெப்பத்தில் மங்கிப்போகும், அதனால் முக்கியமான பேப்பரை அன்றைக்கே ஜெராக்ஸ் போட்டு, பேர், வயசு, தேதி, நேரம், அப்போது வலி இருந்ததா இல்லையா என்பதையும் பேனாவால் எழுதி இரண்டையும் கொடுத்தனுப்புங்கள்.